சொன்ன சொல் யார் கையில்?

2020 ஜூன் கடைசியில் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போனார். தகப்பனும் மகனுமாக இரண்டு வியாபாரிகள் காவலில் அடிபட்டு இறந்திருந்தார்கள். ஸ்டேஷனில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் பார்த்ததைச் சொல்ல முன்வந்தார். அவர் எப்படிச் சொன்னார் என்பதை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையிலேயே எழுதியிருந்தார். அந்தப் பெண் பயந்து பயந்துதான் பேசினார். வெளியே நின்ற காவலர்கள் காதில் விழுந்துவிடாமல் இருக்க, கோர்ட்டு ஊழியர்களைக் காவலுக்கு நிறுத்த வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபின் கையெழுத்துப் போட மறுத்தவர், பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகே போட்டார்.

சில நாளில் அந்த அறிக்கை தொலைக்காட்சியில் வரிவரியாக ஓடியது. அவருடைய பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கும் குடும்பத்துக்கும் போலீஸ் பாதுகாப்பு போடச் சொன்னது. அந்த உத்தரவு அவசியமானதுதான். பெயர் வெளியே வந்ததால் நாடே அவரை மெச்சியது என்பதும் உண்மை. ஆனால் அந்த அறையில் அவர் பயந்தது எதற்கு? தான் சொன்னது வெளியே போய்விடுமோ என்பதற்கு. அது போய்விட்டது. அவர் பெயர் இப்போது எல்லோருக்கும் தெரியும் என்றாலும், இந்தக் கட்டுரையில் அது வேண்டாம்.

சாட்சியைக் காப்பது என்றால் நமக்குத் தோன்றுவது வாசலில் நிற்கும் துப்பாக்கிப் போலீஸ். சாட்சி சொன்ன சொல்லுக்கு வேறு விதமான காவல் தேவை. அது தாளாக, சி.டி.யாக, பென் டிரைவாக, போனில் எடுத்த வீடியோவாகக் கை மாறிக்கொண்டே போகிறது. எந்த இடத்தில் யார் கைக்குப் போகிறது, எந்த இடத்தில் நாம் குறுக்கே நிற்கலாம் என்று தெரிந்துகொள்வது, பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போகவேண்டி வரும் ஒரு நெல்லை டவுண் குடும்பத்துக்கு உதவும். அதற்காகவே இது.

முதலில், இப்படித் தனிக் காவல் தேவைப்படும் "நலிந்த சாட்சி" என்று நீதிமன்றம் யாரைச் சொல்கிறது? 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 11 அன்று ஸ்மிருதி துக்காராம் படாதே வழக்கில் அந்த வட்டத்தை நன்றாக அகலப்படுத்தியது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் எந்த வயதானாலும், ஆணோ பெண்ணோ யாரானாலும் இதில் அடக்கம். மனநோய் உள்ளவர், காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், வேறு ஊனம் உள்ளவர், உயிருக்கோ உடைமைக்கோ மிரட்டல் உள்ளவர் எல்லோரும் உண்டு. இவை எதிலும் சேராத ஒருவரையும் நீதிபதி நினைத்தால் சேர்க்கலாம். அந்தக் கணக்கில் சாத்தான்குளம் காவலரும் இந்த வகைச் சாட்சிதான். போலீஸ் வேலையில் இருப்பவர் எப்படி நலிந்த சாட்சி ஆவார் என்று கேட்பவர்கள், அன்று அந்த ஸ்டேஷன் வாசலில் யார் நின்றார்கள் என்று யோசிக்கட்டும்.

சாட்சி சொன்ன சொல்லின் பயணம் ஸ்டேஷனில் தொடங்குகிறது. சரியாகச் சொன்னால், பிள்ளைகள் வழக்கில் அது ஸ்டேஷனில் தொடங்கவே கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், அவர் சீருடையில் வரக் கூடாது. டவுணில் ரத வீதியை ஒட்டிய சந்துகளை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். சேலை கட்டி வந்தாலும் கூட வருகிற ஜீப் தெருமுனையில் நின்றால் போதும், அரை மணி நேரத்தில், "என்ன, அவுக வீட்டுக்குப் போலீசு வந்திருக்காமே?" என்ற கேள்வி நாலு திண்ணை தாண்டிப் போயிருக்கும். ஜீப் வரக் கூடாது என்று சட்டத்தில் வரி இல்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையுடையது. சித்தி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், அதை மறுக்க அதிகாரிக்குக் காரணம் இல்லை.

அடுத்தது நடுவர் முன்னால். ஊரில் இதை இன்னும் "164 வாக்குமூலம்" என்றே சொல்கிறோம். 2024 ஜூலை 1 முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவு. பிள்ளை சொல்கிறபடியே, பிள்ளையின் சொற்களிலேயே நடுவர் எழுத வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்கலாம். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வக்கீல் இருக்க இடமில்லை. முடிந்த இடத்தில் ஒலி, ஒளிப் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது போக்சோ. ஊனமுற்றவர் பாலியல் குற்ற வழக்கில் வாக்குமூலம் கொடுத்தால் பதிவு கட்டாயம். புதிய சட்டம் அதில் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது: முடிந்தவரை மொபைல் போனில்.

யாருடைய போனில்? பதிவுக்குப் பிறகு அந்தப் போன் யார் சட்டைப்பைக்குப் போகிறது? காவல் துறைக்காக மத்திய அரசு 2024 ஆகஸ்டில் இ-சாக்ஷ்யா என்ற செயலியை அறிமுகப்படுத்தியது. எடுத்த பதிவை நேரம், இடம் குறித்துப் பாதுகாப்பாக மேலே ஏற்றிவிடுவது அதன் வேலை. அதில் எடுத்தால் ஓரளவு கவலை இல்லை. போனின் சாதாரணக் கேமராவில் எடுத்தால், அது கேலரியில் உட்காரும், தானாக வேறெங்கோ நகலும் ஆகும். ஆகவே பதிவு தொடங்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: எதில் எடுக்கிறீர்கள்? எடுத்தபின் இந்தக் கருவியிலிருந்து எப்போது நீக்குவீர்கள்? கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். பதிலைக் குறித்து வையுங்கள்.

நடுவர் எழுதிய வாக்குமூலம் அங்கிருந்து எங்கே போகிறது என்பதில் உச்ச நீதிமன்றம் தெளிவாக இருக்கிறது. 2014இல் கர்நாடக வழக்கொன்றில் (சிவண்ணா என்ற பெயரில் வக்கீல்கள் சொல்வார்கள்) சொன்னது இது: வாக்குமூலத்தின் நகல் விசாரணை அதிகாரிக்குக் கொடுக்கப்படும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அதில் உள்ளதை அவர் யாருக்கும் சொல்லக் கூடாது. இந்த விதியை ஒரு பெரிய கை உரசிப் பார்த்தது. உத்தரப் பிரதேசத்தில் முன்னாள் மத்திய அமைச்சர் சின்மயானந்த் மீது மாணவி ஒருவர் கொடுத்த புகாரில், மாணவியின் வாக்குமூல நகலை அவருக்குக் கொடுக்க அலகாபாத் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் 2020இல் அதை ரத்து செய்தது. குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் முன் எதிரிக்கு அந்த நகலைக் கேட்க உரிமை இல்லை என்றது.

பதிவு எதற்காக என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை நடந்ததை ஸ்டேஷனில் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, நடுவரிடம் ஒரு தடவை, குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தடவை, வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போய் இரண்டு வருடம் கழித்துக் கோர்ட்டில் ஒரு தடவை சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே நாளுக்குத் திரும்பிப் போகிறது. இதைக் குறைக்கத்தான் பல நாடுகள் பதிவுக்கு வந்தன. ஐஸ்லாந்தில் 1998இல் தொடங்கிய பார்னாஹூஸ் என்ற குழந்தைகள் இல்லத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பிள்ளையிடம் பேசுவார். வழக்கில் சம்பந்தப்பட்ட மற்றவர்கள் பக்கத்து அறையில் இருந்து பார்ப்பார்கள். அந்தப் பதிவு கோர்ட்டுக்குப் போகும். இங்கிலாந்து தன்னுடைய 1999 சட்டத்தின் மூலம், குறுக்கு விசாரணையைக்கூட முன்கூட்டியே பதிவு செய்ய வழி வைத்தது. அதே 1999இல் இலங்கையும் பிள்ளைகளின் பதிவு செய்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கச் சட்டம் செய்தது.

நம் ஊரில் நிலைமை வேறு. 183இல் சொன்னது, பெரும்பாலான வழக்கில், தனித்து நிற்கும் சாட்சியம் ஆகாது. சாட்சி கூண்டில் வந்து மறுபடி சொல்ல வேண்டும். முன்பு சொன்னது, இப்போது சொல்வதற்கு வலுச் சேர்க்கவோ மறுக்கவோ பயன்படும், அவ்வளவுதான். இதற்குச் சட்டம் வைத்திருக்கும் விலக்கு ஊனமுற்றவர் வாக்குமூலம். அதன் பதிவையே முதல் விசாரணையாக எடுத்துக்கொண்டு, குறுக்கு விசாரணை மட்டும் செய்யலாம். மற்றவர்கள் "நடுவரிடம் சொல்லியாச்சு, வேலை முடிஞ்சது" என்று இருக்க முடியாது. 2015 கோகுல்ராஜ் கொலை வழக்கில் நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்த முக்கிய சாட்சி, விசாரணையில் பிறழ்ந்தார். உயர் நீதிமன்றம் 2022இல் அவரை மறுபடி வரவழைத்து, கோயில் கேமரா பதிவைக் காட்டியபோதும் அதில் இருப்பது தான் இல்லை என்றார். மற்ற சாட்சியங்களை வைத்துத்தான் தண்டனை 2023இல் உறுதியானது. ஆக, பதிவின் சங்கடம் நமக்கு முழுதாக இருக்கிறது, ஆதாயம் பாதிதான் கிடைக்கிறது. பிள்ளை மறுபடி மறுபடி சொல்லவும் வேண்டும், பதிவுகளும் ஊர்ப்பட்ட இடத்தில் கிடக்கும். என் பார்வையில் நம் நடைமுறையின் பெரிய ஓட்டை இதுவே.

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் கதவு ஒன்று திறக்கிறது. தன் மீது என்ன சாட்சியம் இருக்கிறது என்று அறிய எதிரிக்கு உரிமை உண்டு. சுரக்ஷா சன்ஹிதாவின் 230ஆம் பிரிவின்படி வாக்குமூலங்களின் நகல் அவருக்குப் போகும். இதைத் தப்பு சொல்ல முடியாது. பொய் வழக்கில் மாட்டிய ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள வேறென்ன வழி? கேள்வி, வீடியோவும் அப்படியே போக வேண்டுமா என்பது.

இதற்கு விடை கேரளத்திலிருந்து வந்தது. நடிகை தாக்கப்பட்ட வழக்கில், தாக்குதலின் காட்சி ஒரு மெமரி கார்டில் இருந்தது. எதிரியாகச் சேர்க்கப்பட்ட நடிகர் திலீப், அது ஆவணம், நகல் எனக்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 நவம்பர் 29 தீர்ப்பு: ஆவணம்தான், ஆனாலும் பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் இருப்பதால் நகல் கிடையாது, அவரும் வக்கீலும் தொழில்நுட்ப நிபுணரும் வந்து பார்த்துக்கொள்ளலாம், கையில் எடுத்துப் போக முடியாது. அங்கே கார்டில் இருந்தது குற்றத்தின் காட்சியே. சாட்சி பேசும் பதிவு அல்ல. இருந்தாலும் ஒரு பிள்ளை கண்ணீரோடு பேசும் பதிவுக்கும் இதே வாதத்தை வைக்கலாம்: எழுத்து நகலைக் கொடுங்கள், வீடியோவைக் கோர்ட்டில் வைத்துக் காட்டுங்கள். அரசு வக்கீல் இதைத் தானாகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் தரப்பு வக்கீலும் கேட்கலாம்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அந்த மெமரி கார்டு கோர்ட்டின் காவலில் இருந்த காலத்திலேயே அதன் ஹாஷ் எண் மாறியிருப்பதைத் தடயவியல் ஆய்வு கண்டது. ஹாஷ் என்பது ஒரு கார்டில் உள்ள மொத்தத் தரவையும் கணக்கிட்டு வரும் நீண்ட எண். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். எழுதுவதைத் தடுக்கும் கருவி இல்லாமல் கார்டைக் கணினியிலோ போனிலோ செருகினாலே, அது தன் பங்குக்கு ஏதாவது குறித்து வைக்கும், எண் மாறும். அதாவது, யாரோ செருகியிருக்கிறார்கள். எதிரி தரப்புக்கு மறுக்கப்பட்ட பொருள், பூட்டிய இடத்திலிருந்தே வெளியே வந்து போயிருக்கிறது. 2023 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதை மாவட்ட நீதிபதி விசாரிக்க உத்தரவிட்டதோடு, இப்படிப்பட்ட பதிவுகளைக் கோர்ட்டுகள் எப்படிக் கையாள வேண்டும் என்று நெறிமுறைகளும் தந்தது. அந்தரங்கத்தின் பகைவன் எப்போதும் எதிர்த்தரப்புதான் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கு பாடம்.

நம் ஊர்க்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின்படி மின்னணுச் சாட்சியத்தோடு கொடுக்கும் சான்றிதழிலேயே ஹாஷ் எண்ணைக் குறிக்க வேண்டும். உங்கள் வக்கீலிடம் அந்த எண்ணைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால், அந்த எண்தான் பேசும்.

இனி விசாரணை. போக்சோ வழக்கு அடைத்த கதவுக்குள் நடக்கும். பிள்ளை எதிரியைப் பார்க்க நேரக் கூடாது. திரை, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி, காணொளி இணைப்பு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். எதிரியின் வக்கீல் பிள்ளையிடம் நேராகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதி கேட்பார். 2017இலேயே உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு உயர் நீதிமன்ற எல்லையிலும் நலிந்த சாட்சிகளுக்கென்று குறைந்தது இரண்டு தனிச் சாட்சிய மையம் வேண்டும் என்றது. 2022இல் அது மாவட்டத்துக்கு ஒன்று ஆயிற்று. தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, தனிக் கழிப்பறை என்பதெல்லாம் ஆடம்பரமில்லை. 2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டையில் மாவட்டக் கோர்ட்டு வாசலிலேயே, வழக்குக்காக வந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உயர் நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. அந்த வாசல் வழியாகத்தான் சாட்சிகளும் வருகிறார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் இன்னொரு திருப்பம் உண்டு. நெல்லையில் இதற்கென்றே சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகளின் உரிமைகளை வரிசையாகச் சொல்கிறது. அதன் 10ஆம் உட்பிரிவு நடவடிக்கைகள் எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. மிரட்டிய கேள்வியும் மறுத்த மனுவும் பின்னால் மறைந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. சாட்சிக்குச் சாதகமான விதிதான். ஆனால் பதிவான பின் அந்த வீடியோவை யார் பார்க்கலாம், எத்தனை வருடம் வைப்பது என்று அந்த உட்பிரிவு ஒன்றும் சொல்லவில்லை. தாமிரபரணிக் கரை ஊர்களில் சாட்சியும் எதிரியும் ஒரே ஊர், ஒரே பஸ் ஸ்டாப்பு, இரண்டு தெரு. அந்த வீடியோ கசிந்தால், பார்த்தவர்கள் முகத்தைத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். சாட்சியம் பதிவாகும்போது கேமரா சாட்சியின் முகத்தை விட்டு விலகி இருக்கவும், பதிவு சீலிட்டு வைக்கப்படவும் உத்தரவு கேட்கலாம்.

பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்று எழுதுகிறவர்கள் பலரும் நம்புகிறோம். பத்திரிகைக்காரர்களும் அதில் சேர்த்தி. போக்சோவின் 33ஆம் பிரிவு விளக்கம் இதில் எச்சரிக்கையானது: அடையாளம் என்றால் குடும்பம், பள்ளி, உறவினர், அக்கம்பக்கம், ஆளைக் காட்டிக்கொடுக்கும் வேறு எந்தத் தகவலும். "வாகையடி முக்குப் பக்கம், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், பெண் பத்தாம் வகுப்பு" என்று யாராவது எழுதினால் அதில் பெயர் இல்லை. டவுண்காரர் யாருக்கும் பெயர் தேவையும் இல்லை. போக்சோ 23ஆம் பிரிவின்படி ஊடகத்தில் இப்படி அடையாளம் காட்டினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயது வந்தவர்களுக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டு வருடம் வரை.

இவை பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்களைக் காப்பவை. கொலையைக் கண்ணால் பார்த்த பிள்ளை? அதற்கு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. குற்றத்துக்கு ஆளான பிள்ளை, சாட்சியான பிள்ளை இருவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும், தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த வாரம் செய்திகளைப் பார்த்தவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்: 74ஆம் பிரிவு எத்தனை இடத்தில் ஞாபகத்துக்கு வந்தது? அனுதாபம் மிகுந்து எழுதும்போதுதான் இது அதிகம் மறந்துபோகிறது.

மறைக்க வேண்டியவர்களே வெளியிட்டதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் கண்காணிப்பாளரே நிருபர்களிடம் சொன்னார், வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அது இருந்தது. மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கின் எஃப்.ஐ.ஆர். காவல் துறை இணையதளத்திலேயே மாணவியின் விவரங்களோடு கிடைத்தது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதியதற்கு மாறியதில் தளம் அதைப் பூட்டத் தவறியது என்பது சொல்லப்பட்ட காரணம். பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆரைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிபுண் சக்சேனா வழக்கில் 2018இலேயே சொல்லியிருந்தது. இங்கேயும் 25 லட்சம் இழப்பீடு. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை வந்தது; பெண்கள் மூடிய அறையில், முகம் தெரியாமல் சாட்சி சொன்னார்கள். முதலில் பெயர் கசிந்த வழக்கிலேயே, பிறகு இறுக்கிப் பிடித்தபோது சாட்சிகள் உறுதியாக நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூடி வைப்பதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் சரகத்தில், விசாரணைக்கு அழைத்துப் போனவர்களின் பற்களைப் பிடுங்கியதாக ஏ.எஸ்.பி. பல்வீர் சிங் மீது புகார் கிளம்பியது. அது வெளியே வந்ததே, பாதிக்கப்பட்டவர்கள் வாயைத் திறந்து காட்டிப் பேசிய வீடியோக்களால்தான். அவை பரவியிராவிட்டால் சார் ஆட்சியர் விசாரணையும், அதன்பின் ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதாவின் விசாரணையும், சி.பி.சி.ஐ.டி. வழக்கும் வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஏழைச் சாட்சிக்கு ஊரறியச் சொல்வதே சில நேரம் ஒரே பாதுகாப்பு. ஆனால் சார் ஆட்சியர் முன் வந்தபோது சிலர் மாற்றிச் சொன்னதாகச் செய்தி வந்தது. இப்படிப்பட்ட வழக்கில் யூடியூபில் சொன்னது, அதிகாரியிடம் சொன்னது, கோர்ட்டில் சொல்லப்போவது என்று மூன்று சொல் ஆகிவிடுகிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துப் போடுவது அந்த வீடியோவைத்தான். பேட்டி கொடுப்பதா வேண்டாமா என்பதை வெளியிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது. கொடுத்தால் முகம் காட்டாமல், ஒரே ஒரு முறை, வக்கீலுக்குத் தெரிந்து கொடுப்பது நல்லது. பிள்ளைகளை வைத்துக் கொடுக்கவே கூடாது.

மிரட்டல் இருந்தால் தனி வழி உண்டு. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, சாட்சியோ குடும்பத்தாரோ வக்கீலோ மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். மிரட்டல் எவ்வளவு உண்மை என்று காவல் துறை ஐந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். மனு விசாரணை மூடிய அறையில்தான். பாதுகாப்பு என்பது காவலர் போடுவது மட்டுமில்லை. அடையாளத்தை மறைப்பது, போன் எண்ணை மாற்றித் தருவது, கேமரா வைப்பது, கோர்ட்டுக்கு வண்டியில் கூட்டிப் போவது எல்லாம் கேட்கலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்கள், பிள்ளைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. எண் 15100. பிள்ளைகளுக்கு 1098. போக்சோ வழக்கில் கூட வரும் ஆதரவு நபரும் அறிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று 2020 விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அவரிடம் இதை ஒரு தடவை நினைவுபடுத்துவதில் தவறில்லை.

தீர்ப்பு வந்தபின்பும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தீர்ப்பு இணையத்தில் ஏறும். பெயருக்குப் பதில் எழுத்து போட்டிருப்பார்கள். ஆனால் அரசுத் தரப்புச் சாட்சிப் பட்டியலில் தாய் தகப்பன் பெயரோ தெருப் பெயரோ அப்படியே நின்றுவிட வாய்ப்புண்டு. ஒரு தடவை தேடிப் பாருங்கள். இருந்தால் அதே கோர்ட்டில் திருத்த மனுக் கொடுக்கலாம். பதிவை எப்போது அழிப்பது என்பதற்குப் போக்சோ சட்டத்தில் காலக்கெடு இல்லை. எனவே மேல்முறையீடு முடிந்ததும், சி.டி.யும் பென் டிரைவும் என்ன ஆயின, ஸ்டேஷனிலும் தடயவியல் கூடத்திலும் நகல் கிடக்கிறதா என்று கேட்டு, அழிக்கவோ நிரந்தரமாகச் சீலிடவோ உத்தரவு கோரலாம். ஒரு பக்க மனு போதும். அந்த மனுவிலும் பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். வழக்கு எண்ணும் "பாதிக்கப்பட்டவர்" என்ற சொல்லும் போதுமானவை. பெயரும் முகவரியும் கேட்டால், தனி உறையில் போட்டு ஒட்டி நீதிபதியின் பார்வைக்கு மட்டும் என்று மேலே எழுதிக் கொடுங்கள்.